பதிவாளர் நாற்காலியும் ஆன்சன் தொகுதியும்

"கோழி மேய்த்தாலும் கவர்ன்மெண்டில் மேய்க்க வேண்டும்" என்னும் பழமொழியைக் கேளாது வளர்ந்த தமிழ்ப் பிள்ளை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அரிது. பால்மரக் காட்டு லயத்தில் பிறந்தவனுக்கும், சிராங்கூன் சாலைக் கடைவீட்டு மாடியில் பிறந்தவனுக்கும் பெற்றோர் கண்ட கனவு ஒன்றே. பிள்ளை நாலெழுத்து ஆங்கிலம் கற்றுச் சர்க்கார் காரியாலயத்தில் ஒரு நாற்காலி தேடிக்கொள்ள வேண்டும். மாதம் பிறந்தால் சம்பளம், தலை நரைத்தால் பென்ஷன். அந்த நாற்காலி கிடைத்த பின்னர் வாய் திறத்தல் கூடாது என்பது அக்கனவின் மறுபாதி. பிள்ளையின் படிப்புக்காகத் தாலியை அடகு வைத்த தாய்மார் நம்மில் எத்தனையோ பேர். அவர்களுள் ஒருவரேனும், கிடைத்த நாற்காலியைத் தள்ளிவிட்டு மகன் எதிர்க்கட்சி மேடை ஏறுவதை விரும்பியிருப்பார் என்று நாம் நம்பவில்லை.

ஆயினும் அவ்வாறு ஏறிய ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். சிங்கப்பூரின் நீதித்துறை உத்தியோகத்தில் மாஜிஸ்திரேட்டாகவும், சர்க்கார் தரப்பு வழக்கறிஞராகவும், மாவட்ட நீதிபதியாகவும், சுப்ரீம் கோர்ட்டுப் பதிவாளராகவும் இருந்து, 1963-ம் ஆண்டில், தமது முப்பத்தேழாம் வயதில் அதை விட்டு விலகினார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1981-ல், அந்நாட்டுப் பார்லிமெண்டில் ஆளுங்கட்சியைச் சேராத ஒரே மெம்பராக அமர்ந்தார். அவர் பெயர் ஜோஷுவா பெஞ்சமின் ஜெயரத்தினம். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கும் காப்பிக்கடைப் பேச்சுக்கும் அவர் ஜே.பி.ஜே.

அவருக்குத் தோரணம் கட்டுவது நம் நோக்கமன்று. தோரணம் கட்டுவோரும் தூற்றுவோரும் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். சட்டத்தின் ஊழியராக இருந்த ஒருவர், அரசியலுக்கு வந்தபின் அதே சட்டத்தின் கையில் என்ன பாடுபட்டார், அதனால் அவரைத் தெரிந்தெடுத்த ஜனங்களுக்கு நேர்ந்தது என்ன என்பதே நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

1926-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி, யாழ்ப்பாணத்துச் சங்கானையில் ஜெயரத்தினம் பிறந்தார். வளர்ந்தது ஜொகூர் நாட்டு மூவாரில். இவ்விரண்டு ஊர்களையும் சேர்த்துச் சொன்னவுடனே தோட்டத்து முதியவர்களுக்கு ஒரு காட்சி தோன்றும். பிரிட்டிஷ் துரைத்தனத்தார் மலாயாவில் ரயில் பாதை போட்டபோதும், ஆஸ்பத்திரி திறந்தபோதும், மராமத்து இலாகா அமைத்தபோதும், மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் பயின்ற யாழ்ப்பாணத்தாரைக் குமாஸ்தாக்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் தருவித்துக்கொண்டனர். தென்னாட்டுத் தமிழரோ, கங்காணி பின்னே கப்பலேறிப் பால்மரத்தடிக்கு வந்தனர். ஒரே மொழி பேசிய இவ்விரு சாராரும் ஒரே பந்தியில் உட்காருவதற்கு வெகுகாலம் சென்றது. கிராணியார் வீட்டுத் திண்ணையில் தோட்டத்தான் உட்காரலாகாது என்ற வழக்கத்தை எந்தச் சர்க்காரும் சட்டமாக எழுதவில்லை. நம்மவரே எழுதாச் சட்டமாக அதைக் காத்துவந்தோம். ஜெயரத்தினம் பிறந்தது அத்திண்ணையின் உட்பக்கத்துச் சமூகத்தில். ஆங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பம், ஆங்கிலப் படிப்பு. யுத்தம் முடிந்தபின் சிங்கப்பூரில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியில் பயின்று, பின்னர் லண்டனுக்குச் சென்று யூனிவர்சிட்டி காலேஜில் சட்டம் கற்று, 1951-ல் கிரேஸ் இன் சங்கத்தில் பாரிஸ்டர் ஆனார். தம் மனைவி மார்கரெட்டை அவர் சந்தித்ததும் இங்கிலாந்தில்தான். 1952-ல் சிங்கப்பூர் நீதித்துறை உத்தியோகத்தில் சேர்ந்தார்.

பதிவாளர் உத்தியோகம் எத்தகையது என்பதைச் சற்று விரித்துச் சொல்லுவது அவசியம். ஜட்ஜைப்போல அவர் பெயர் பத்திரிகையில் வருவதில்லை. ஆயினும் வழக்காடுவோர் கொண்டுவரும் காகிதமனைத்தும் அவர் இலாகாவைக் கடந்தே ஜட்ஜினிடம் போகும். மனு உரிய நாளில் தாக்கலாயிற்றா, கட்டணம் செலுத்தப்பட்டதா, அபிடவிட்டில் கையொப்பம் முறைப்படி இருக்கிறதா, எவ்வழக்கு எந்நாளில் விசாரணைக்கு வரும் என்பனவெல்லாம் அங்கே தீரும். ஒருநாள் பிந்தினால் நல்ல வழக்கும் செத்துப்போகும். நியாயம் என்னும் பெரிய சொல்லுக்கு அடியில் தேதியும் முத்திரையும் கட்டணச் சீட்டும் கிடக்கின்றன என்பதை அந்த நாற்காலியில் இருந்தவரைவிட நன்கு அறிந்தவர் எவரும் இரார். பிற்காலத்தில் இவரை வீழ்த்தியவையும் பெரும்பாலும் தேதியும் தொகையுமே. அதனைப் பின்னர்க் காண்போம்.

பாடாங் திடலுக்கு எதிரே, 1939-ல் திறக்கப்பட்ட பச்சைக் கும்மட்டக் கட்டடத்தில் அந்நாளில் சுப்ரீம் கோர்ட்டு இருந்தது. 2015 முதல் அது தேசிய ஓவியக் கூடமாக விளங்குகிறது. ஆற்றோரத்துப் பழைய பார்லிமெண்டு மண்டபம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தக் கூப்பிடு தூரத்தை நடந்து கடக்கத்தான் இவருக்குப் பதினெட்டு ஆண்டு பிடித்தது.

உத்தியோகத்தை விட்டபின் அவர் சொந்தமாக வக்கீல் தொழில் நடத்தினார். நாட்டின் நிலைமை இதற்குள் வேகமாக மாறிற்று. அவர் விலகிய 1963-ம் ஆண்டிலேயே சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்தது. 1965-ல் பிரிந்து தனிநாடாயிற்று. 1963 தேர்தலில் பதின்மூன்று ஸ்தானங்களை வென்றிருந்த பாரிசான் சோசலிஸ் கட்சியார் 1966-ல் சபையை விட்டு வெளியேறினர். 1968 பொதுத்தேர்தலில் 58 ஸ்தானங்களும் மக்கள் செயல் கட்சிக்கே போயின. வீடு கட்டுவதிலும், துறைமுகம் வளர்ப்பதிலும், பள்ளிக்கூடம் திறப்பதிலும் அக்கட்சியார் செய்த காரியங்களை மறுப்பது நன்றிகேடு. ஆனால் 58 பேரும் ஒரே கட்சியினராக அமர்ந்த சபையில் ஒரு கேள்வியை யார் கேட்பது? கேட்பதற்கென்று ஜனங்கள் அனுப்பிய ஆள் ஒருவரும் இல்லை.

இந்த நிலையில், 1957-ல் டேவிட் மார்ஷல் ஸ்தாபித்துப் பிற்பாடு உறங்கிக்கிடந்த பாட்டாளிக் கட்சியின் பொதுச் செயலாளர் பொறுப்பை 1971-ல் ஜெயரத்தினம் ஏற்றார். கட்சியில் பணமில்லை, ஆளுமில்லை. 1972 தேர்தலில் அவர் நின்ற தொகுதி ஃபேரர் பார்க். சிராங்கூன் சாலையை ஒட்டிய அந்தத் திடலின் பெயர் நம்மவருக்குப் புதிதன்று. 1942 பிப்ரவரி 17-ந் தேதி, சரணடைந்த பிரிட்டிஷ் படையின் இந்தியச் சிப்பாய்களை ஆயிரமாயிரமாக அங்கே திரட்டித்தான் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் முதல் விதை விழுந்ததும் அங்கேதான். அத்தொகுதியில் ஜெயரத்தினம் தோற்றார். 1976-ல் கம்போங் சாய் சீயில் தோற்றார். 1977-ல் ராடின் மாஸ் இடைத்தேர்தலிலும், 1979-ல் தெலுக் பிளாங்கா இடைத்தேர்தலிலும் தோற்றார். 1980 பொதுத்தேர்தலில் மறுபடியும் தெலுக் பிளாங்காவில் நின்று, நூற்றுக்கு 47 ஓட்டு வரை வாங்கியும் தோற்றார். அதே ஆண்டு மனைவி மார்கரெட் காலமானார். எட்டாண்டில் ஐந்து தோல்வி, வீட்டிலோ இழவு. வேறொருவராயின் வக்கீல் தொழிலோடு அமைந்திருப்பார்.

1981 அக்டோபரில் தேவன் நாயர் சிங்கப்பூரின் அதிபரானார். மலாக்காத் தோட்டக் கிராணி ஒருவரின் மகனாகப் பிறந்து, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசைக் கட்டி வளர்த்தவர் அவர். அதிபராகும்பொருட்டு அவர் விட்டுச்சென்ற தொகுதி ஆன்சன். முந்தின ஆண்டுத் தேர்தலில் நூற்றுக்கு 84 ஓட்டு பெற்று அவர் வென்ற இடம் அது. அங்கே ஆளுங்கட்சி தோற்கும் என்று எவரும் எண்ணவில்லை. அக்கட்சியின் அபேட்சகர் பாங் கிம் ஹின். பிரசாரத்தை நடத்தும் பொறுப்பு கோ சோக் டோங் என்னும் இளைய மந்திரியிடம் இருந்தது. இந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

ஆன்சன் தஞ்சோங் பகார்த் துறைமுகத்தை ஒட்டிய தொகுதி. பிளேர் பிளேன் என்ற பகுதியில் துறைமுக ஊழியர் குடியிருந்த அடுக்குவீடுகள் இருந்தன. பெட்டகச் சரக்குகளுக்கு இடம் தேவைப்பட்டதால் அவ்வீடுகளைக் காலிசெய்ய வேண்டுமென்று துறைமுக அதிகாரிகள் உத்தரவிட்டனர். மாற்றுவீட்டுக்குச் சரியான வழி காட்டப்படவில்லை என்ற மனக்குறை குடியிருந்தோரிடம் இருந்தது. கொக்கி பிடித்துச் சரக்கிறக்கி வாழ்ந்தவனுக்கு வீடு போவது என்றால் என்ன என்று தோட்டத்தாருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வேலை போனால் லயமும் போகும் என்ற பயத்திலே வாழ்ந்து பழகியவர்கள் நம் ஜனங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் மூட்டை முடிச்சோடு சாலையில் நின்றவர்கள் அதனை இன்றும் மறக்கவில்லை.

1981 அக்டோபர் 31-ந் தேதி ஓட்டுகள் எண்ணப்பட்டன. ஜெயரத்தினத்துக்கு 7,012, பாங் கிம் ஹின்னுக்கு 6,359, மூன்றாம் அபேட்சகருக்கு 131. ஆக 653 ஓட்டு வித்தியாசத்தில், 1968 முதல் ஒரு மெம்பரும் எதிர்த்தரப்பிலிருந்து வராத சபைக்கு ஒருவர் வந்தார்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. ஆன்சனில் ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனர். எதிரே நின்றவரும் சீனர். இருந்தும் அவர்கள் தமிழர் ஒருவரைத் தெரிந்தெடுத்தார்கள். தன் சாதியான், தன் ஊரான், தன் கோயிலான் என்று பார்த்துச் சங்கத் தேர்தலில் கூட ஓட்டளிக்கும் நம்மவர், அன்றிரவு ஆன்சனில் நடந்ததைச் சற்று நின்று யோசித்தால் நலமுண்டு.

சபையில் அவர் எப்படி நடந்துகொண்டார்? சிறந்த பேச்சாளர் என்று சொல்வதற்கில்லை. கனத்த குரல், நீண்ட வாக்கியங்கள், கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்யும் தோரணை. ஆனால் கேள்வி கேட்பதில் அலுப்பறியாதவர். விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டோர், போலீஸ் நடவடிக்கை, நீதிபதிகளின் சுதந்தரம் என்று ஒவ்வொன்றாக எடுத்தார். ஒருவரே மெம்பராதலால் ஒவ்வொரு மசோதாவுக்கும் அவரே எழவேண்டியிருந்தது. தக்க ஆதாரம் திரட்டாமலே எழுகிறார் என்று மந்திரிமார் குற்றஞ்சாட்டினர். சில சமயம் அது உண்மையாகவும் இருந்தது. ஒருபுறம் இலாகாக்கள் அனைத்தின் தஸ்தாவேஜுகளும், மறுபுறம் ஒரு வக்கீலின் கைப்பையுமாக நடந்த வாதம் அது. 1985 முதல் பார்லிமெண்டு நடவடிக்கைகள் தொலைக்காட்சியில் காட்டப்பட்டன. பிரதம மந்திரி லீ குவான் யூவுக்கும் இவருக்கும் நடந்த வாதங்களை ஜனங்கள் வீட்டிலிருந்தே கண்டார்கள். இருவரும் இங்கிலாந்தில் சட்டம் பயின்ற வக்கீல்கள். 1984 டிசம்பர்ப் பொதுத்தேர்தலில் ஆன்சன் ஜனங்கள் இவரை நூற்றுக்கு 56.8 ஓட்டளித்து மீண்டும் அனுப்பினர்.

அந்த மறுவெற்றிக்கு முன்னரே வழக்கு தொடங்கிவிட்டது. 1972 தேர்தல் காலத்துப் பேச்சொன்றைக் குறித்து ஆளுங்கட்சி மெம்பர் ஒருவர்மீது பாட்டாளிக் கட்சி மான நஷ்ட வழக்குத் தொடுத்துத் தோற்றிருந்தது. எதிராளியின் வழக்குச் செலவைக் கட்சி கொடுக்கவேண்டியிருந்தது. கட்சியின் சொத்தைக் கைப்பற்றுவதற்கு அதிகாரி நியமிக்கப்பட்டார். கட்சிக்கு நன்கொடையாக வந்த மூன்று காசோலைகளைக் கடன்காரருக்குக் கிட்டாதபடி வேறு வழியில் திருப்பினார்கள் என்றும், கட்சிக் கணக்கைப் பற்றிப் பொய்ப் பிரமாணம் செய்தார்கள் என்றும் ஜெயரத்தினத்தின்மீதும், கட்சித் தலைவர் வோங் ஹாங் டோய்மீதும் குற்றம் சாட்டப்பட்டது. 1984 ஜனவரியில் மூத்த மாவட்ட நீதிபதி மைக்கேல் கூ, ஒரு குற்றம் நீங்கலாக மற்றவற்றினின்று இருவரையும் விடுவித்து, அந்த ஒன்றுக்கு ஆளுக்கு 1,000 வெள்ளி அபராதம் விதித்தார்.

தொகையைக் கவனியுங்கள். 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ, ஓராண்டுக்குக் குறையாத சிறையோ பெற்றவர் ஐந்தாண்டு பார்லிமெண்டில் இருக்கவும் தேர்தலில் நிற்கவும் தகுதியிழப்பார் என்பது அந்நாட்டு அரசியல் சாசனத்தில் அந்நாளில் இருந்த விதி. ஆயிரம் வெள்ளியில் ஸ்தானம் தப்பிற்று. சர்க்கார் தரப்பினர் அப்பீல் செய்தனர். இவரும் அப்பீல் செய்தார். மறுவிசாரணை வந்தது. இறுதியில் 1986 நவம்பரில் ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும் உறுதியாயின. சிறை ஒரு மாதம்தான். ஸ்தானத்தைக் கொண்டுபோனது அபராதம்.

இதற்கிடையில், மைக்கேல் கூ 1984-ல் நீதிபதி ஆசனத்திலிருந்து அட்டர்னி ஜெனரல் காரியாலயத்துக்கு மாற்றப்பட்டார். முதல் தீர்ப்பின் காரணமாகவே அந்த மாற்றம் நடந்தது என்னும்படி ஜெயரத்தினம் 1986-ல் சபையில் பேசினார். நீதிபதி சின்னத்துரை தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. சர்க்கார் தலையிட்டதற்கு ஆதாரமில்லை என்று அது முடிவு கூறிற்று. ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொள்ளாது அத்தகைய குற்றச்சாட்டை எழுப்பியது, பதிவாளராக இருந்தவருக்குத் தகாத செயல் என்பது நம் கருத்து. சபையின் உரிமைக்குழுவும் அவருக்கு அபராதம் விதித்தது.

1987-ல் வக்கீல் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. இங்கேதான் பழைய பதிவாளரின் அறிவு வேலைசெய்தது. கிரிமினல் தண்டனையின்மீது லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் செல்ல அவருக்கு வழியில்லை. தொழிலினின்று நீக்கியதன்மீது வழியுண்டு. அந்த வாயிலாக உள்ளே போனார். 1988 அக்டோபரில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்து, அவர் பெயரை மீண்டும் வக்கீல் பட்டியலில் சேர்த்தது. அதனோடு நில்லாமல், அவரும் வோங்கும் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அடைந்தனர் என்றும், கொடிய அநீதிக்கு ஆளாயினர் என்றும் எழுதியது. ஆனால் தண்டனைத் தீர்ப்பு அப்பீலாக அதன் முன் வராமையால் அதை ரத்துசெய்ய அக்கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை. மன்னிப்புக் கோரி அவர் அதிபருக்கு விண்ணப்பித்தார். 1989-ல் அது மறுக்கப்பட்டது. உள்நாட்டுக் கோர்ட்டுகள் முறைப்படி விசாரித்து அளித்த தண்டனை நிற்கிறது என்பது சர்க்காரின் நிலை. ஆகவே, வக்கீலாக அவர் நிரபராதி, அபேட்சகராகக் குற்றவாளி. ஒரே மனிதன், ஒரே செயல், இரண்டு முடிவு. அதே 1989-ல் வக்கீல்களின் ஒழுங்கு வழக்குகளில் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழி அடைக்கப்பட்டது. 1994-ல் அக்கவுன்சிலுக்கான அப்பீல் முழுவதும் ஒழிக்கப்பட்டது. அன்னியர் கோர்ட்டுக்கு ஒரு தனிநாடு ஏன் கட்டுப்பட வேண்டும் என்று கேட்பதில் நியாயமுண்டு. நாமும் அதையே கேட்டிருப்போம். ஆனாலும் வழி அடைபட்ட காலத்தைப் பார்க்கும்போது, கேள்வி நாவில் சற்றுத் தயங்குகிறது.

ஆன்சன் ஜனங்கள் என்ன ஆனார்கள்? ஸ்தானம் 1986 நவம்பரில் காலியாயிற்று. இடைத்தேர்தல் வைக்கப்படவில்லை. ஏறக்குறைய இரண்டாண்டு அத்தொகுதிக்கு அவர்கள் தெரிந்தெடுத்த மெம்பர் இல்லை. 1988 பொதுத்தேர்தலுக்கு எல்லைகளைத் திருத்தியபோது, ஆன்சன் என்ற தொகுதியே இல்லாது போயிற்று. துறைமுகத்தருகே ஆன்சன் சாலை என்று ஒரு தெரு இருக்கிறது. பெயர் அவ்வளவில் நின்றது.

இனி அவர் பக்கத்துக் குறைகளையும் சொல்லவேண்டும். நாவைக் காக்கும் கலையை அவர் கற்கவே இல்லை. 1976 தேர்தல் மேடையில் பேசியதற்காக லீ குவான் யூ தொடுத்த மான நஷ்ட வழக்கில் 1,30,000 வெள்ளி கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. 1982-ல் பிரிவி கவுன்சிலும் அதை உறுதிசெய்தது. அக்கவுன்சில் எப்போதும் இவர் பக்கமே நின்றது என்று எண்ணுவோர் இதை அறியவேண்டும். 1988 மேடைப்பேச்சுக்காக மீண்டும் லீ வழக்குத் தொடுத்து, 1990-ல் 2,60,000 வெள்ளி பெற்றார். ஒருமுறை தீப்பட்டவன் மறுமுறை விலகி நடப்பான். இவரோ திரும்பத் திரும்ப அடுப்பருகிலேயே நின்றார். கட்சி நடத்துவதிலும் எல்லாம் தம் கையாலேயே நடக்கவேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு உண்டு. இளையவர்களை வளர்த்தெடுக்கும் பொறுமை போதாது.

ஐந்தாண்டுத் தடை 1991 நவம்பரில் முடிய இருந்தது. பொதுத்தேர்தலோ 1991 ஆகஸ்டு 31-ந் தேதியே நடந்துவிட்டது. 1992 டிசம்பரில் மரீன் பரேட் இடைத்தேர்தல் வந்தபோது, பாட்டாளிக் கட்சியின் நால்வர் அணியில் ஒருவர் நியமன நேரத்தில் வந்துசேரவில்லை, மனு செல்லவில்லை. தேதியும் நேரமும் எவ்வளவு பெரியவை என்று பதிவாளருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் கட்சித் தொண்டர்கள் பதிவாளர் காரியாலயத்துக் குமாஸ்தாக்கள் அல்லவே.

1997 ஜனவரியில் செங் சான் குழுத்தொகுதியில் நின்று, நூற்றுக்கு 45 ஓட்டுப் பெற்ற அணியில் ஒருவராக, தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் என்ற பெயரில் சபைக்குத் திரும்பினார். தோற்ற எதிர்க்கட்சியாரில் அதிக ஓட்டுப் பெற்றோருக்கு 1984 முதல் வழங்கிவந்த ஸ்தானம் அது. வரவு செலவு மசோதாவிலும், சாசனத் திருத்தத்திலும் அவ்வுறுப்பினருக்கு அப்போது ஓட்டுரிமை இல்லை. அந்த ஏற்பாட்டைக் கடுமையாக எதிர்த்தவரே அதில் வந்து அமர்ந்தார் என்று சிலர் நகைத்தனர். எழுபதாம் வயதைக் கடந்தவர், பேச ஓரிடம் கிடைத்ததென்று போனார் என்றே நாம் கொள்கிறோம்.

அத்தேர்தலின் கடைசிநாட் கூட்டமொன்றில், சக அபேட்சகர் ஒருவர் போலீசில் கொடுத்த புகார்கள் தம் முன் வைக்கப்பட்டுள்ளன என்று அவர் ஒரு வாக்கியம் சொன்னார். அதற்காக வழக்குத் தொடுத்தவர்களில் முதல்வர், அப்போது பிரதம மந்திரியாயிருந்த கோ சோக் டோங். ஆன்சனில் தோற்ற பிரசாரத்தை நடத்தியவர் அவரே. நீதிபதி ராஜேந்திரன் 20,000 வெள்ளி கொடுக்கச் சொன்னார். அப்பீலில் அது ஒரு லட்சமாக உயர்ந்தது.

அவரை முடிவாக வீழ்த்திய வழக்கு நம் மொழியில் எழுந்தது. பாட்டாளிக் கட்சியின் "ஹேமர்" பத்திரிகை 1995-ல் தமிழ்க் கட்டுரையொன்றை வெளியிட்டது. அவ்வாண்டுத் தமிழ் மொழி வாரத்தை நடத்தியவர்களை அது குறைகூறிற்று. ஏற்பாட்டுக் குழுவினரும், ஆளுங்கட்சித் தமிழ் மெம்பர்களும் வழக்குத் தொடுத்தனர். ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே வாதாடி வாழ்ந்த ஜெயரத்தினம் அப்பத்திரிகையின் ஆசிரியர் என்ற முறையில் பொறுப்பாளியானார். தமிழை வளர்ப்பது எப்படி என்ற வாதம், தமிழர்களுக்குள்ளேயே பேசித் தீர்க்கவேண்டிய விஷயம், கோர்ட்டுச் செலவாகவும் நஷ்டஈடாகவும் முடிந்தது. எழுதியது சரியா தப்பா என்பதைக் கோர்ட்டு தீர்மானித்துவிட்டது. அதில் நாம் புகவில்லை. அச்சேறுமுன் வரிவரியாகப் பாராத ஆசிரியரின் கவனக்குறைவை மன்னிப்பதற்கும் இடமில்லை. ஆயினும் நம்மவர்க்குள் ஒருவர் மற்றவரைத் திருத்துவதற்கு வேறு வழியே அற்றுப்போயிற்றா என்று கேட்காதிருக்க முடியவில்லை.

தொகையைத் தவணையாகக் கட்டிவந்தார். தவணையொன்று குறித்த நாளில் சேரவில்லை. 2001-ல் கோர்ட்டு அவரைக் கடனிறுக்க இயலாதவர் என்று அறிவித்தது. நாட்டுப்புறத்தில் "மஞ்சள் கடுதாசி" என்பார்களே, அந்த நிலை. அவ்வாறானவர் பார்லிமெண்டில் இருக்கலாகாது. வக்கீல் தொழிலும் செய்யலாகாது. அப்பீல் தோற்றபின் ஸ்தானம் இரண்டாம் முறையாகப் போயிற்று. அதே ஆண்டில் பாட்டாளிக் கட்சியின் தலைமை லோ தியா கியாங்கிடம் சென்றது. முப்பது ஆண்டு சுமந்த கட்சியை விட்டு ஜெயரத்தினம் வெளியேறினார்.

அதன்பின் சிங்கப்பூரார் பலரும் அவரைக் கண்டது ரயில் நிலைய வாயிலில். சபையில் பேசியவற்றையும் தம் வழக்கின் கதையையும் அச்சிட்ட புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, கோட்டும் கழுத்துப்பட்டையுமாக நடைபாதையில் நின்று விற்றார். போவோர் சிலர் நின்று வாங்கினர். சிலர் வாங்காமலே கைகுலுக்கினர். சிலர் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு விரைந்தனர். வெட்கப்பட வேண்டியது நின்றவரா, விரைந்தவரா என்பதை வாசகரே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

2007-ல் ஏறத்தாழ 2,33,000 வெள்ளி செலுத்தித் திவாலினின்று விடுபட்டார். வக்கீல் தொழிலுக்குத் திரும்பினார். 2008-ல், எண்பத்திரண்டாம் வயதில், சீர்திருத்தக் கட்சி என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார். அவ்வாண்டு செப்டம்பர் 30-ந் தேதி மாரடைப்புற்று, சிராங்கூன் சாலைக்குத் தொலைவில் இல்லாத டான் டோக் செங் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அக்கட்சியைப் பின்னர் அவருடைய மூத்த மகன் கென்னத் நடத்தினார். இளையவர் பிலிப் சிங்கப்பூர் உயர்நீதிமன்றத்தின் நீதிபதியானார். தந்தை எழுந்துபோன வீட்டுக்குள்ளேயே மகன் ஓர் ஆசனத்தில் அமர்ந்தார்.

இன்னும் ஒன்றுண்டு. 2012 பிப்ரவரியில் ஹவ்காங் தொகுதி காலியானபோது, இடைத்தேர்தல் எப்போது என்று பிரதம மந்திரி உடனே தேதி குறிக்கவில்லை. அத்தொகுதியில் குடியிருந்து, துப்புரவு வேலை செய்து பிழைத்த ஒரு தமிழ்ப் பெண் கோர்ட்டுக்குப் போனார். காலியான ஸ்தானத்தை நிரப்புவதும் நிரப்பாததும் பிரதம மந்திரியின் இஷ்டமா என்பது அவர் கேட்ட கேள்வி. வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே மே 26-ந் தேதி இடைத்தேர்தல் நடந்துவிட்டது. கீழ்க்கோர்ட்டில் அவர் தோற்றார். 2013 ஜூலையில் அப்பீல் கோர்ட்டும் அவர் மனுவைத் தள்ளிற்று. தேர்தல் நடந்துவிட்டதால் வழக்காட அவருக்கு உரிமை மிஞ்சவில்லை என்றது. ஆனால் அதே தீர்ப்பில், தொகுதி காலியானால் நியாயமான காலத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தப் பிரதம மந்திரி கடமைப்பட்டவர் என்றும், காலவரையின்றித் தள்ளிப்போட அவருக்கு அதிகாரமில்லை என்றும் எழுதிவைத்தது. ஆன்சன் காலியாகி அப்போது இருபத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன.